மதிப்பெண்களைக் கொண்டு ஒரு நடிகரைப் பின்தொடர்வது: நான்கு இணையதளங்கள் பற்றி ஒரு மதிப்பீடு

கோத்தகிரியில் நாங்கள் நடத்திவரும் சிறிய திரைப்பட வட்டம், ஆண்டுதோறும் ஒரு நடிகரையோ நடிகையையோ எடுத்துக்கொண்டு, அவருடைய படங்களைக் கால வரிசையில் திரையிட்டு விவாதிக்கிறது. நூறு படங்களில் நடித்தவராக இருந்தாலும் எங்களால் திரையிட முடிவது ஏழெட்டுப் படங்களைத்தான் என்பதால், எவற்றை எடுப்பது, எவற்றை விடுவது என்பது எப்போதும் பெரிய விவாதமாகிவிடும். அண்மைக்காலமாக எங்கள் இளைய உறுப்பினர்கள் இதற்கு ஒரு வழியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். விமர்சனங்களையும் பார்வையாளர் வாக்குகளையும் திரட்டி ஒற்றை எண்ணாகத் தரும் இணையதளங்களிலிருந்து ஒவ்வொரு படத்தின் மதிப்பெண்ணையும் எடுத்து, ஆண்டு வரிசையில் அடுக்கி, புள்ளிகளை இணைத்துக் கோடு வரைந்துவிடுகிறார்கள்; கோடு ஏறும் இடம் நடிகரின் வளர்ச்சி என்றும், சரியும் இடம் வீழ்ச்சி என்றும் படிக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கி மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ சென்று எல்லாப் படங்களையும் பார்த்துவிட முடியாத எங்களைப் போன்றவர்களை இந்த வழி ஈர்ப்பது இயல்பே. ராட்டன் டொமேட்டோஸ், மெட்டாக்ரிட்டிக், ஐஎம்டிபி, லெட்டர்பாக்ஸ்ட் ஆகிய நான்கு தளங்களையும் இந்த ஒரே வேலைக்காகத் தொடர்ந்து பயன்படுத்திப் பார்த்த பிறகு, எது எதற்கு உதவும், எது எங்கே வழி தவறச் செய்யும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

இந்த எண்ணம் புதிதன்று. 2011-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க இணைய இதழான ஸ்லேட், ஒரு நடிகரின் பெயரைக் கொடுத்தால் அவருடைய திரைப்பயணத்தை வரைபடமாகக் காட்டும் கருவி ஒன்றை வெளியிட்டது. அந்தக் கருவிக்கு அடித்தளமாக இருந்தவை ராட்டன் டொமேட்டோஸ் மதிப்பெண்கள். 1998-இல் தொடங்கப்பட்ட அந்தத் தளத்தைத்தான் இன்றும் இந்த வேலைக்குப் பலரும் முதலில் திறக்கிறார்கள். நடிகருக்கென்று உள்ள பக்கத்தில் அவருடைய படங்களுள் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றதும் மிகத் தாழ்ந்ததும் மேலேயே காட்டப்படுகின்றன. அவற்றுக்குக் கீழே படப் பட்டியல், ஆண்டு, மதிப்பெண், ஏற்ற பாத்திரம் ஆகியவற்றோடு இருக்கிறது. கோடு வரைய விரும்புகிறவருக்கு வேண்டிய பொருள் அனைத்தும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுவதால், வசதி என்ற அளவில் மற்ற மூன்றையும் இது முந்திவிடுகிறது.

இந்த முறை நன்றாகவே வேலை செய்யும் நடிகர்களும் உண்டு. மாத்யூ மெக்கானஹே அவர்களுள் முதன்மையானவர். 2000-களின் பிற்பகுதியில் அவர் நடித்த காதல் நகைச்சுவைப் படங்கள் பட்டியலின் அடியில் கிடக்கின்றன; 2008-இல் வந்த ‘ஃபூல்ஸ் கோல்ட்’ 20 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. 2011-இல் ‘தி லிங்கன் லாயர்’ படத்தோடு கோடு நிமிர்கிறது, ‘மட்’ 95-ஐத் தாண்டுகிறது, ‘டல்லாஸ் பையர்ஸ் கிளப்’ படத்துக்காக 2014-இல் அவருக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருது கிடைக்கிறது. அவருடைய வாழ்க்கையைப் பற்றி எதுவும் அறியாத ஒருவர்கூட, இந்த மனிதர் ஏதோ ஓர் ஆண்டில் எவ்வகைப் படங்களை ஏற்பது என்பதைப் பற்றித் தீர்க்கமான முடிவொன்றை எடுத்திருக்கிறார் என்பதை எண்களை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியும். ஆனால் இங்கே கோடு காட்டுவது அவர் ஏற்றுக்கொண்ட படங்களின் மாற்றத்தை என்பதைக் கவனிக்க வேண்டும். அவருடைய நடிப்பு ஒரே இரவில் மாறிவிட்டதா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

ராட்டன் டொமேட்டோஸ் எண்ணை எப்படிக் கணக்கிடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதைக் கோட்டில் வைப்பது ஆபத்து. ஒவ்வொரு விமர்சனமும் சாதகம், பாதகம் என்ற இரண்டில் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. சாதகமானவை நூற்றுக்கு எத்தனை என்பதே மதிப்பெண். 60 அல்லது அதற்கு மேல் என்றால் சிவப்புத் தக்காளி, அதற்குக் கீழே என்றால் நசுங்கிய பச்சைத் தக்காளி. எல்லா விமர்சகர்களும் பத்துக்கு ஆறு கொடுத்து, ‘குறை சொல்வதற்கில்லை, பார்க்கலாம்’ என்று முடித்த படம் 100 விழுக்காடு பெறும். பாதிப் பேர் பத்துக்குப் பத்து கொடுத்து வியந்து, மறு பாதியினர் ஏற்க மறுத்த துணிச்சலான படம் 50-இல் நிற்கும். இத்தகைய எண்களை ஒரு நடிகரின் வரிசையில் அடுக்கினால், யாருக்கும் தொந்தரவு தராத படங்களில் நடித்தவர் உயர்ந்தும், கருத்து வேறுபாட்டைக் கிளப்பும் படங்களைத் தேடிச் சென்றவர் தாழ்ந்தும் தெரிவார். துணிந்து பரிசோதனை செய்யும் நடிகரைத்தான் எங்கள் வட்டம் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறது என்பதால், இந்தக் குறை எங்களுக்குச் சிறியதன்று.

2001-இல் வந்த மெட்டாக்ரிட்டிக் இந்தக் குறையை ஓரளவு நீக்குகிறது. அது ஒவ்வொரு விமர்சனத்தையும் 0 முதல் 100 வரையிலான எண்ணாக மாற்றி, விமர்சகரின் தகுதியைப் பொறுத்து எடை கொடுத்துச் சராசரி காண்கிறது. யாருக்கு எவ்வளவு எடை என்பதை வெளியிடுவதில்லை. பாராட்டின் அளவு அதில் தெரியும் என்பதால், ஹாலிவுட் நடிகரின் கோட்டை வரைய நான் இதையே பரிந்துரைப்பேன். தமிழ் நடிகர்களுக்கு இது பயன்படாது. நான்கு விமர்சனங்களாவது இல்லாவிட்டால் இத்தளம் மதிப்பெண் தருவதில்லை. நம் படங்களில் மிகப் பெரும்பாலானவை அந்த வாசலைத் தாண்டுவதில்லை. ராட்டன் டொமேட்டோஸிலும் தமிழ்ப் படங்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதும் சிலரின் கருத்துகளே.

கணக்கிடும் முறையை ஒதுக்கிவைத்தாலும், எல்லாத் தளங்களுக்கும் பொதுவான பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது: மதிப்பெண் படத்துக்குத் தரப்படுகிறது, கோடு நடிகருக்கு வரையப்படுகிறது. எங்கள் ஊரில் சிறு விவசாயிகள் பலர் பறித்த பச்சைத் தேயிலை ஒரே தொழிற்சாலையில் கலந்து அரைபடுகிறது. குன்னூர் ஏலத்தில் அந்தத் தூளுக்குக் கிடைக்கும் விலையை வைத்துக்கொண்டு எந்தத் தோட்டத்து இலை நன்றாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. படமும் அப்படிப்பட்டதே. மெரில் ஸ்ட்ரீப் ‘தி ஐயர்ன் லேடி’யில் மார்கரெட் தாட்சராக நடித்ததற்கு 2012-இல் ஆஸ்கர் பெற்றார், அந்தப் படமோ ராட்டன் டொமேட்டோஸில் 60-க்குக் கீழே பச்சைத் தக்காளியோடு நிற்கிறது. அவருடைய கோட்டில் அந்த ஆண்டு ஒரு பள்ளமாகத்தான் தெரியும். 2010 மார்ச்சில் அடுத்தடுத்த நாட்களில் சாண்ட்ரா புல்லக் ‘ஆல் அபௌட் ஸ்டீவ்’ படத்துக்காக மிக மோசமான நடிகைக்கான ராஸி விருதையும், ‘தி பிளைண்ட் சைட்’ படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதையும் பெற்றார். இரண்டும் 2009-இல் வந்த படங்கள். ஆண்டுச் சராசரி எடுத்தால் அவருடைய அந்த ஆண்டு நடுத்தரமானது என்றாகிவிடும். உண்மையில் அவர் வாழ்க்கையில் அவ்வளவு கொந்தளிப்பான ஆண்டு வேறொன்று இருந்திருக்காது.

எதிர்ப்பக்கத்தில் ஜான் கசால் இருக்கிறார். ‘தி காட்ஃபாதர்’ முதல் ‘தி டியர் ஹன்டர்’ வரை அவர் நடித்த முழுநீளப் படங்கள் ஐந்துதான். ஐந்துமே சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றவை. 1978-இல் புற்றுநோயால் இறந்தார். மதிப்பெண் கோட்டில் அவருக்கு இணையானவர் உலகில் அரிது. ஆனாலும் அவருக்கென்று ஓர் ஆஸ்கர் பரிந்துரைகூட வந்ததில்லை. அவருடைய நடிப்பின் அருமை, உடன் நடிப்பவர் பேசும்போது அவர் முகத்தில் நிகழ்வதைப் பார்த்தால்தான் புரியும். அந்த அருமைக்கு எந்த எண்ணும் சான்றாக முடியாது. அந்தப் படங்களைப் பார்த்தவர்களின் எழுத்துதான் சான்று.

தமிழில் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. விஜய் சேதுபதி 2010 டிசம்பரில் வெளியான ‘தென்மேற்குப் பருவக்காற்று’ படத்தில் நாயகனாவதற்கு முன்பே ‘புதுப்பேட்டை’, ‘வெண்ணிலா கபடிக்குழு’, ‘நான் மகான் அல்ல’ ஆகியவற்றில் கூட்டத்தில் ஒருவராகவும் நண்பர்களில் ஒருவராகவும் தோன்றியிருக்கிறார். எங்கள் உறுப்பினர் ஒருவர் வரைந்துவந்த கோட்டில் 2006-ஆம் ஆண்டு ஓர் உச்சமாக இருந்தது. அந்த உச்சம் ‘புதுப்பேட்டை’யின் இயக்குநர் செல்வராகவனுக்கும் நாயகன் தனுஷுக்கும் உரியது. பின்னால் ஓரிரு காட்சிகளில் நின்ற இளைஞனின் பயணத்தில் அது ஒரு தொடக்கப் புள்ளி மட்டுமே. கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் கணக்காளராகச் சேர்ந்து நடிகர்களை அருகிலிருந்து கவனித்த ஒருவர், இப்படிச் சிறு வேடங்களில் கழித்த ஆண்டுகள்தான் அவரைப் பற்றிய தொடரில் மிகவும் பேசப்பட வேண்டியவை. மதிப்பெண் கோட்டில் அந்தப் போராட்டம் சுத்தமாக மறைந்து, வெற்றியாகவே தோற்றம் தருகிறது.

ஆக, தமிழ் நடிகர்களைப் பற்றிப் பேச வேண்டுமானால் ஐஎம்டிபியைத்தான் நாட வேண்டியிருக்கிறது. 1990-இல் தொடங்கி 1998 முதல் அமேசான் வசம் இருக்கும் இந்தத் தளத்தில் பழைய தமிழ்ப் படங்களுக்கும் பக்கங்கள் இருக்கின்றன, பார்வையாளர் வாக்குகளும் இருக்கின்றன. வாக்கு என்பதால் அதற்கே உரிய நோய்களும் இருக்கின்றன. 2021 நவம்பரில் வெளியான ‘ஜெய் பீம்’ சில நாட்களிலேயே 9.6 என்ற மதிப்பெண்ணை எட்டி, ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ படத்தையே முந்தியது என்று நாடெங்கும் செய்தி வந்தது. பின்னர் அந்த எண் இறங்கியது. படத்தின் மீது கொண்ட மதிப்பும், அது எழுப்பிய நீதிக் குரலுக்குத் துணை நிற்க வேண்டும் என்ற உணர்வும், அதை எதிர்த்தவர்களின் கோபமும் அந்த வாக்குகளில் கலந்திருந்தன. இவற்றில் எதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தப் படம் பேசும் இருளர் மக்கள் எங்கள் மலைச்சரிவுகளிலும் வாழ்கிறார்கள். அந்தப் படத்தைத் திரையிட்ட அன்று எங்கள் கூடத்தில் நிலவிய கனத்தை நான் மறக்கவில்லை. ஆனால் சூர்யாவின் கோட்டில் அந்த எண்ணை வைத்து, இதுவே அவருடைய நடிப்பின் உச்சம் என்று சொல்வது பிழை. அன்று நாங்கள் பேசியதெல்லாம் செங்கேணியாக நடித்த லிஜோமோள் ஜோஸைப் பற்றியும் ராஜாக்கண்ணுவாக நடித்த மணிகண்டனைப் பற்றியும்தான். படத்தைத் தோளில் சுமந்தவர்கள் அவர்கள். வழக்கறிஞர் பாத்திரத்தை அடக்கமாகச் செய்து அவர்களுக்கு இடம் விட்டதுதான் சூர்யாவின் பெருந்தன்மை. அதையும் பார்த்துத்தான் அறிய முடியும்.

காலம் செய்யும் மாற்றம் அடுத்தது. நடிகரின் பயணத்தைக் கோடாக வரைகிறோம் என்றால், ஒவ்வொரு புள்ளியும் அந்தந்த ஆண்டில் அவர் எங்கே நின்றார் என்பதைச் சொல்ல வேண்டும். ஐஎம்டிபி புள்ளிகள் சொல்வது இன்றைய பார்வையாளர் அன்றைய படத்தை எப்படி மதிக்கிறார் என்பதை. 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யோடு வந்து வசூலில் பின்தங்கிய ‘குணா’, 2003 பொங்கலுக்கு வந்து திரையரங்குகளில் தோற்ற ‘அன்பே சிவம்’ ஆகிய இரண்டும் இன்று கமல்ஹாசனின் கோட்டில் சிகரங்களாக நிற்கின்றன. கொடைக்கானலில் ‘குணா’ எடுக்கப்பட்ட குகை அந்தப் படத்தின் பெயரையே ஏற்றுக்கொண்டது. 2024-இல் அந்தக் குகையை மையமாகக் கொண்ட ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்த பிறகு அங்கே கூட்டம் அலைமோதியது, ‘குணா’வை முதன்முறையாகப் பார்க்கும் தலைமுறை ஒன்று உருவானது. அந்தத் தலைமுறையின் வாக்குகள் 1991 என்ற ஆண்டுக்கு நேராகப் போய் உட்காருகின்றன. விமர்சகர் மதிப்பெண்களும் இதற்கு விலக்கல்ல: 1941-இல் சிகாகோ டிரிப்யூனில் வந்த சாதகமற்ற விமர்சனம் ஒன்று 2021-இல் ராட்டன் டொமேட்டோஸில் சேர்க்கப்பட்டதால், ‘சிட்டிசன் கேன்’ தன் 100 விழுக்காட்டை இழந்து 99 ஆனது.

இன்னும் பின்னால் போனால் நிலைமை மோசம். 1952-இல் ‘பராசக்தி’யில் அறிமுகமாகி ஏறத்தாழ முந்நூறு படங்களில் நடித்த சிவாஜி கணேசனின் படங்களில், இன்று தேடிச் சென்று வாக்களிக்கப்படுபவை ஏற்கெனவே புகழ்பெற்றவை மட்டும்தான்; வாக்களிப்பவர்களும் அவரை நேசிப்பவர்கள். அதனால் பழைய நடிகர்கள் எல்லோருடைய கோடுகளும் உயரத்தில் சமதளமாக ஓடுகின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த மனோரமாவுக்குக் கோடு வரைய முயன்றபோது எங்களுக்குக் கிடைத்தது, அவர் உடன் நடித்த நாயகர்களின் வெற்றி தோல்விக் கணக்குதான்.

இங்கே எங்கள் மலையோடு தொடர்புடைய ஓர் எடுத்துக்காட்டையும் சொல்ல வேண்டும். பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ 1982-இல் வந்தது. கேத்தி ரயில் நிலையத்தில் எடுக்கப்பட்ட அதன் இறுதிக் காட்சியை இங்குள்ளவர்கள் இன்றும் இடம் காட்டிச் சொல்வார்கள். தமிழில் வெள்ளிவிழாவைக் கடந்து ஓடிய அந்தப் படம் கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. அதே இயக்குநர், அதே கமல், அதே ஸ்ரீதேவி, அதே கதையோடு 1983-இல் இந்தியில் ‘சத்மா’வாக வந்தபோது வசூலில் தோற்றது. தளத்தில் இவை இரண்டு படங்கள், இரண்டு வாக்குக் கூட்டங்கள், இரண்டு எண்கள். ஸ்ரீதேவியின் கோட்டை வரைகிறவர் ஒரே பாத்திரத்தை இரு முறை எண்ணுகிறார். அவருக்கு இந்தித் திரையுலகில் கதவைத் திறந்துவிட்டது 1983-இலேயே வந்த ‘ஹிம்மத்வாலா’ என்ற வணிகப் படம் என்பதை எண்களிலிருந்து எவ்வகையிலும் கண்டுபிடிக்க முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஐஎம்டிபியை நான் பரிந்துரைக்கிறேன், இரண்டு காரணங்களுக்காக. முதலாவது, வாக்குகளின் எண்ணிக்கையை அது ஒவ்வொரு மதிப்பெண்ணோடும் காட்டுகிறது. விரிவான தேடலில் நடிகரின் பெயரைக் கொடுத்து, குறைந்தது இத்தனை வாக்குகள் என்ற வரம்பையும் வைத்துப் பட்டியலை வடிகட்டலாம். இரண்டாவது, வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்காக அது தன் தரவுகளைக் கோப்புகளாகவே இலவசமாகத் தருகிறது. ஒரு கோப்பில் படத்தின் சராசரி மதிப்பெண்ணும் வாக்கு எண்ணிக்கையும் உள்ளன. இன்னொன்றில் ஒவ்வொரு படத்தின் முதன்மைக் கலைஞர்கள் வரிசை எண்ணோடு இருக்கிறார்கள். எங்கள் வட்டத்தில் கணினி படிக்கும் மாணவி ஒருவர் இந்த இரண்டையும் இணைத்து, நடிகர் முதன்மை வரிசையில் இடம்பெற்ற படங்களை மட்டும் எடுக்கும்படி செய்தார். விஜய் சேதுபதியின் பொய்யான 2006 உச்சம் அதோடு மறைந்தது. குறைந்த வாக்குகள் பெற்ற படங்களைப் பொதுச் சராசரியை நோக்கி இழுக்கும் முறையையும் அவர் சேர்த்தார். ஐஎம்டிபி தன் சிறந்த 250 படங்களின் பட்டியலுக்கு இதே முறையைத்தான் கையாள்கிறது. அங்கே 25,000 வாக்குகளை அளவாக வைத்திருக்கிறார்கள், தமிழ்ப் படங்களுக்கு நாங்கள் அதைவிட மிகக் குறைவாக வைத்துக்கொண்டோம். இந்த இரண்டு திருத்தங்களும் இல்லாமல் வரையப்படும் எந்தக் கோட்டையும் நான் இனி ஏற்கப் போவதில்லை.

நியூசிலாந்தில் 2011-இல் தொடங்கப்பட்ட லெட்டர்பாக்ஸ்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை எத்தனை பேர் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைச் சிறு தூண்களாகக் காட்டுவது அதன் தனிச் சிறப்பு. இரு முனைகளிலும் தூண் உயர்ந்திருந்தால் அது கருத்தைப் பிளந்த படம் என்று ஒரே பார்வையில் புரிந்துவிடும். பயன்படுத்துபவர்கள் இளையவர்கள், நகரத்தவர்கள் என்பதால் அவர்களுடைய ரசனையின் சாயல் அதில் உண்டு. நீண்ட விமர்சனங்களை எழுதுகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். நடிப்பைப் பற்றிய நல்ல வரிகள் சில எனக்கு அங்கேதான் கிடைத்தன.

இந்த ஆண்டுத் தொடருக்கு நாங்கள் எடுத்துக்கொண்டவர் கோத்தகிரியில் பிறந்த சாய் பல்லவி. எல்லாத் தளங்களையும் ஒருசேரச் சோதிக்க அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. 2015-இல் மலையாளத்தில் ‘பிரேமம்’, 2017-இல் தெலுங்கில் ‘ஃபிதா’, 2018-இல் தமிழில் ‘தியா’, ‘மாரி 2’ என்று மூன்று மொழிகளில் மூன்று தொடக்கங்கள் கொண்டவர் அவர். ஐஎம்டிபி கோட்டில் ‘பிரேமம்’, ‘கார்கி’, ‘அமரன்’ ஆகியவை 8-ஐ ஒட்டிய உயரத்திலும், ‘மாரி 2’, ‘என்.ஜி.கே.’ ஆகியவை பள்ளத்திலும் இருக்கின்றன. கோட்டை மட்டும் நம்பினால் 2018, 2019 ஆண்டுகளைத் தள்ளிவிட்டுப் போய்விடலாம்.

அப்படிச் செய்திருந்தால் பெரும் தவறாகியிருக்கும். ‘மாரி 2’ படத்தின் ‘ரவுடி பேபி’ பாடல் யூடியூபில் 2020-இல் 100 கோடிப் பார்வைகளைக் கடந்தது. மேடையிலும் தொலைக்காட்சிப் போட்டிகளிலும் ஆடி வளர்ந்த அந்தப் பெண்ணின் உடல், திரைக் கதாநாயகியின் நடனத்துக்கு என்ன புதிதாகக் கொண்டுவந்தது என்பதை அந்த ஒரு பாடலில் முழுமையாகக் காணலாம். எங்கள் ஊர்த் திருமண வீடுகளில் சிறுமிகள் ஆடுவது அதைத்தான். மறுபக்கம், ‘பிரேமம்’ படத்தில் மலர் டீச்சர் நாயகனின் மூன்று காதல்களில் நடுவில் வருபவர். படத்தின் உயர்ந்த எண்ணில் அவருடைய பங்கு எவ்வளவு என்பதை எண் சொல்லாது. தமிழில் பேசும் ஒரு பாத்திரத்தை முகப்பருக்களை மறைக்காமல் நடித்த புதுமுகத்துக்காகவே, மொழிமாற்றம் செய்யப்படாத அந்த மலையாளப் படத்தைத் தமிழ்நாட்டு இளைஞர்கள் மீண்டும் மீண்டும் பார்த்தார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ‘கார்கி’ ஒன்றில்தான் படத்தின் எண்ணும் நடிகையின் உழைப்பும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ஏறத்தாழ எல்லாக் காட்சிகளிலும் அவர் இருக்கிறார், தந்தையை நம்புவதற்கும் உண்மையை ஏற்பதற்கும் இடையிலான தூரம் முழுவதும் அவர் முகத்தில்தான் கடக்கப்படுகிறது. இப்படிப் பொருந்துகிற படங்களை மட்டும் கோட்டில் தடித்த புள்ளியாகவும், மற்றவற்றை வெற்று வட்டமாகவும் குறிக்க முடிவு செய்தோம். நடிகர் திரையில் எவ்வளவு நேரம் இருக்கிறார், கதை அவரைச் சார்ந்திருக்கிறதா என்பதைப் படத்தைப் பார்த்தவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும். எந்தத் தளமும் இந்தத் தகவலைத் தருவதில்லை, தரவேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன்.

நான்கில் எதிலும் இல்லாத ஒன்றைப் பற்றியும் பேச வேண்டும். திரட்டித் தரும் தளங்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே ஆனந்த விகடன் தமிழ்ப் படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் அளித்துவந்தது. 1977-இல் ‘16 வயதினிலே’ படத்துக்குக் கொடுத்த 62.5 அதன் மிக உயர்ந்த மதிப்பெண்ணாகப் பேசப்படுகிறது. அவ்வளவு கறாரான ஓர் அளவுகோலில், படம் வெளியான சில வாரங்களுக்குள்ளேயே, தமிழில் சிந்தித்து எழுதியவர்கள் வைத்த எண்கள் அவை. கமல், ரஜினி, ஸ்ரீதேவி மூவருடைய பயணத்திலும் சப்பாணி, பரட்டை, மயிலு என்ற மூன்று பாத்திரங்கள் அன்றைக்கு எப்படி வரவேற்கப்பட்டன என்பதற்கு, நாற்பது ஆண்டுகள் கழித்து இணையத்தில் விழுந்த வாக்குகளைவிட அந்த எண்ணும் அதைச் சுற்றி எழுதப்பட்ட வரிகளும் நேரடியான சாட்சி. கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் அந்த ஆண்டுக்குரியதாக இருக்க வேண்டும் என்ற தேவையை, பழைய படங்களைப் பொறுத்தவரை இதழ்கள் மட்டுமே நிறைவேற்றும்.

ஆகவே, ஹாலிவுட் நடிகரைப் பின்தொடர மெட்டாக்ரிட்டிக்கையும், 2000-க்குப் பிந்தைய தமிழ் நடிகரைப் பின்தொடர இரண்டு திருத்தங்களோடு ஐஎம்டிபியையும், கருத்துப் பிளவு பட்ட படங்களை அடையாளம் காண லெட்டர்பாக்ஸ்டையும் பயன்படுத்தலாம். ராட்டன் டொமேட்டோஸைப் பட்டியலுக்காகப் பாருங்கள். விழுக்காட்டைக் கோட்டில் வைக்காதீர்கள். 1990-களுக்கு முந்தைய தமிழ் நடிகர்களுக்கு எங்கள் வட்டம் தனியே ஒரு பட்டியல் தயாரிக்கத் தொடங்கியிருக்கிறது. நீலகிரியில் பழைய வார இதழ்களைக் கட்டுக் கட்டாகப் பாதுகாத்து வைத்திருக்கும் வீடுகள் பல உண்டு என்பது தெரியும். அவற்றிலிருந்து படத்தின் பெயர், இதழ் வெளியான தேதி, தந்த மதிப்பெண், நடிகரைப் பற்றி எழுதிய வரி ஆகிய நான்கையும் எடுத்தெழுதித் தந்தால் போதும். இதழை நீங்கள் கைவிட வேண்டியதில்லை. ஈரத்தில் தாள் ஒட்டிக்கொள்ளும் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன்பே இந்த வேலையை முடித்துவிட விரும்புகிறோம்.